பார்த்தும் காணாமை: புலக்காட்சியையும் கவனத்தையும் எளிய சோதனைகளால் ஆராய்தல்

முன்னுரை

கண் திறந்திருந்தால் எதிரே உள்ளது தெரியும். செவி பழுதின்றி இருந்தால் அருகில் பேசுவது கேட்கும். இது பொதுவாக எல்லாரிடமும் உள்ள எண்ணம். இவ்வெண்ணம் எந்த அளவிற்கு உண்மையானது என்பதை அறிவதற்குப் பெரிய ஆய்வுக்கூடமோ விலைமிக்க கருவிகளோ தேவையில்லை. ஒரு தாள், ஓர் எழுதுகோல், ஓர் அடிக்கோல், உடன் ஒரு நண்பர் ஆகியன இருந்தால் போதும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879ஆம் ஆண்டில் நிறுவிய ஆய்வுக்கூடத்திலிருந்தே செய்ம்முறை உளவியல் ஒரு தனித்துறையாகக் கணக்கிடப்படுகிறது. எனினும் அத்துறையின் அடிப்படைச் சோதனைகளுள் பலவற்றை இன்றும் வீட்டு மேசையின்மீதே செய்து பார்க்கலாம்.

இந்தியவியல் துறை சார்ந்த இதழில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். மனம், பொறி, புலன் ஆகியவற்றின் தொடர்பு இந்தியத் தருக்க நூல்களில் நெடுங்காலமாக ஆராயப்பட்ட ஒன்று என்பது ஒரு காரணம். மற்றொன்று நம் தொழிலோடு தொடர்புடையது. கோயில் திருவிழாவைப் பதிவு செய்பவரும், தோட்டப்புறத்து முதியவரிடம் வாய்மொழி வரலாறு கேட்பவரும், ஓலைச்சுவடியைப் படியெடுப்பவரும் தம் கண்ணையும் செவியையும் நம்பியே தரவு திரட்டுகின்றனர். அக்கருவிகளின் இயல்பை அறியாமல் அவை தந்த தரவை மட்டும் நம்புவது எங்ஙனம் பொருந்தும்?

கண்ணில் உள்ள இடைவெளி

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் சிறியதாக ஒரு கூட்டல் குறி இடுவோம். அதற்கு நேர் வலப்பக்கம் 8 செண்டிமீட்டர் தள்ளி, ஒரு செண்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வட்டம் ஒன்று வரைவோம். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டுமே நோக்க வேண்டும். தாளைக் கை நீட்டும் தொலைவிலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டு வந்தால், ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் தொலைவில் வட்டம் மறைந்துபோகும். மேலும் அருகில் கொண்டுவந்தால் மீண்டும் தோன்றும். வட்டம் மறையவில்லையெனில், கண் குறியை விட்டு வட்டத்தின் பக்கம் நழுவியிருக்கும் என்று கொள்ளலாம். முதன்முறை செய்பவர்களுக்கு இது பெரும்பாலும் நிகழ்வதுதான்.

இதனைப் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் 1660களில் கண்டறிந்தார். விழித்திரையில் உள்ள நரம்பிழைகள் அனைத்தும் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளைக்குச் செல்கின்றன. அவை வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் உயிரணுக்கள் இல்லை. எனவே அங்கு விழும் ஒளி பதிவாவதில்லை. நோக்கும் புள்ளியிலிருந்து பொட்டுப் பக்கமாக ஏறத்தாழ 15 பாகை தள்ளி இக்குருட்டுப் புள்ளி அமைந்துள்ளது. மேற்கூறிய 8, 30 செண்டிமீட்டர் அளவுகள் இக்கோணத்திலிருந்தே பெறப்பட்டவை.

வட்டம் மறைவதைக் காட்டிலும், அது மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பதே நம் சிந்தனைக்குரியது. அங்கே ஓட்டையோ இருளோ தெரிவதில்லை; வெள்ளைத் தாளே தெரிகிறது. இதே சோதனையை மஞ்சள் தாளில் செய்தால் அவ்விடம் மஞ்சளாகத் தெரியும். வட்டத்தின் ஊடே மேலிருந்து கீழாக நீண்ட கோடு ஒன்றை வரைந்துவிட்டுச் செய்தால், வட்டம் மறைந்தபின் கோடு முறிவின்றித் தொடர்வதாகத் தெரியும். அஃதாவது, தனக்குச் செய்தி வராத இடத்தைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளை நிரப்பிக்கொள்கிறது. அங்ஙனம் நிரப்பியதை நமக்குத் தெரிவிப்பதும் இல்லை. இரு கண்களும் திறந்திருக்கையில் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்கிறது என்பது உண்மையே. ஆனால் ஒற்றைக் கண்ணால் பார்க்கும்போதும் உலகில் ஓட்டை இருப்பதாக எவரும் உணர்வதில்லை. மரியோட்டுக்கு முன் இத்தனை நூற்றாண்டுகளாக இதை எவரும் சுட்டாமல் இருந்தமைக்கு இதுவே காரணம் எனலாம்.

இதனை ஒத்த இன்னொரு சோதனைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். கண்ணாடியில் தம் இடக்கண்ணை நோக்கிவிட்டு உடனே வலக்கண்ணை நோக்க வேண்டும். எத்தனை முறை மாற்றி மாற்றி நோக்கினாலும் தம் கண் அசைவதை ஒருவர் காணமுடியாது. அருகில் நிற்கும் நண்பருக்கோ அது தெளிவாகத் தெரியும். கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவும் கணத்தில் பார்வை அடக்கப்படுகிறது. கூர்மையான பார்வை, கையை நீட்டிப் பிடித்த கட்டைவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சற்றே பெரிய பரப்பிற்கு மட்டுமே உண்டு. அச்சிறு பரப்பைக் கொண்டு உலகைத் துழாவக் கண் ஒரு விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. ஆயினும் நாம் உணர்வதோ தொடர்ச்சியான, எங்கும் தெளிவான ஒரே காட்சி.

படிக்காமல் இருக்க இயலுமா?

அமெரிக்க உளவியலாளர் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை உளவியலில் மிகுதியாகக் கையாளப்பட்டவற்றுள் ஒன்று. ‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை மையாலும், ‘நீலம்’ என்னும் சொல்லைச் சிவப்பு மையாலும் எழுதி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் கூறச் சொல்வதே அச்சோதனை. வெறும் வண்ணக் கட்டங்கள் நூற்றின் நிறத்தைக் கூற ஏறத்தாழ 63 விநாடி எடுத்துக்கொண்டவர்கள், நிறமும் சொல்லும் முரண்பட்ட நூறு சொற்களுக்கு ஏறத்தாழ 110 விநாடி எடுத்துக்கொண்டனர். சொல்லைப் பொருட்படுத்த வேண்டா என்று முன்னரே கூறப்பட்டிருந்தும் அவர்களால் அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. பழகிய வாசிப்பு நம் இசைவை எதிர்பார்த்து நிற்பதில்லை.

மும்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இச்சோதனை மேலும் பயனுடையது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் எனத் தமிழில் இருபது சொற்கள், மேரா, ஹிஜாவ், பீரு, கூனிங் என மலாயில் இருபது, ஆங்கிலத்தில் இருபது. மலாய், ஆங்கிலச் சொற்களை அவற்றுக்குரிய ரோமன் எழுத்திலேயே எழுத வேண்டும். மூன்று தாள்களையும் ஒருவரிடம் கொடுத்து, தமிழிலேயே மையின் நிறத்தைக் கூறச் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். விடை கூறும் மொழியும் எழுதப்பட்ட மொழியும் ஒன்றாக இருக்கையில் இடையூறு மிகும் என்றும், வேற்று மொழியாயினும் அது அறவே நீங்குவதில்லை என்றும் இருமொழியாளரிடையே நிகழ்ந்த ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன.

யாம் இதனை வகுப்பில் செய்து பார்த்தபோது ஒன்று எம் கவனத்தை ஈர்த்தது. தமிழ்ப்பள்ளியில் பயின்ற மாணவர்கள் தமிழ்த் தாளில் தடுமாறித் தாமே நகைத்தனர். தேசியப் பள்ளியில் பயின்று, பின்னர்த் தமிழ் எழுத்தைக் கற்ற மாணவி ஒருவரோ தமிழ்த் தாளைத் தங்குதடையின்றிச் சொல்லி முடித்துவிட்டு, மலாய்த் தாளில் தடுமாறினார். தமக்குப் பரிசு கிடைக்கும் என அவர் எண்ணியிருக்கலாம். தமிழ்ச் சொற்கள் அவர் கண்ணில் இன்னும் தாமாகவே ஒலிக்கத் தொடங்கவில்லை என்பதே அதன் பொருள் என்று விளக்கியபோது சற்றே முகம் வாடினார். ஒருவரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. ஆயினும் எழுத்தறிவு வேறு, எழுத்துப் பழக்கம் வேறு என்பதைக் காட்ட இதனினும் எளிய வழியை யாம் அறியோம். தேர்வு மதிப்பெண்ணை முயன்று உயர்த்தலாம். இத்தடுமாற்றத்தை அங்ஙனம் வரவழைப்பது அரிது. தமிழ் கற்பித்தலில் ஈடுபட்டோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும் என்பது எம் விருப்பம்.

காலத்தை அளக்கும் அடிக்கோல்

நண்பர் ஒருவர் 30 செண்டிமீட்டர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள, அதன் சுழியக் குறிக்கு நேரே விரல்களைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அவர் முன்னறிவிப்பின்றி விடும்போது பற்ற வேண்டும். 20 செண்டிமீட்டர் குறியில் பற்றினால், பொருள்கள் விழும் வேக விதிப்படி 0.2 விநாடி கடந்திருக்கும். 15 செண்டிமீட்டர் எனில் ஏறத்தாழ 0.17 விநாடி. பிறகு, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே அதே சோதனையைச் செய்து பார்க்கலாம். பற்றும் இடம் மேலேறுவதைக் காணலாம். சிலர் கோலை முற்றாகத் தவறவிடுவர். மனத்தின் செயலுக்குக் காலம் பிடிக்கிறது என்பதையும் அதனை அளக்கலாம் என்பதையும் நெதர்லாந்து அறிஞர் டோண்டர்ஸ் 1868ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார்.

செவியும் மனமும்

விருந்துக் கூடத்தில் பலர் ஒருங்கே பேசும்போது ஒருவர் பேச்சை மட்டும் எப்படிப் பின்பற்றுகிறோம் என்பதைக் கோலின் செர்ரி 1953ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். கேட்பவரின் இரு செவிகளிலும் வெவ்வேறு உரைகளை ஒலிக்கச் செய்து, ஒரு செவியில் கேட்பதை உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் செய்தார். மறுசெவியில் ஆண்குரல் பெண்குரலாக மாறியதை அவர்கள் உணர்ந்தனர். ஆனால் அங்கே பேசப்பட்டது என்ன என்பதைக் கூற இயலவில்லை; ஆங்கிலம் ஜெர்மன் மொழியாக மாறியதையும் அறியவில்லை. பின்னர் 1959இல் நெவில் மோரே, புறக்கணிக்கப்பட்ட செவியில் கேட்பவரின் பெயரையே ஒலிக்கச் செய்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதனை உணர்ந்தனர். வாயில் முற்றாக அடைக்கப்படுவதில்லை என்பது இதனால் தெரிகிறது. அதே வேளையில் மூன்றில் இருவர் தம் பெயரையே கேளாதிருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

இவ்விடத்தில் கௌதமரின் நியாய சூத்திரத்தை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. பல பொறிகளும் தத்தம் புலன்களோடு ஒரே வேளையில் தொடர்புற்றிருந்தும், அறிவுகள் ஒரே வேளையில் எழுவதில்லை. எனவே பொறிகளுக்கு அப்பால் மனம் என்னும் ஒரு கருவி உண்டு என்பது அந்நூல் காட்டும் வாதம். நியாய மரபினர் மனத்தை அணுவளவினது என்பர். அது ஒரு வேளையில் ஒரு பொறியோடு மட்டுமே பொருந்த வல்லது. ஒரே வேளையில் பலவற்றை உணர்வதாகத் தோன்றுகிறதே என்பார்க்கு, சுழலும் கொள்ளிக்கட்டை அந்நூலில் சான்றாகக் காட்டப்படுகிறது. விரைவு மிகுதியால் ஒற்றை நெருப்பு வட்டமாகத் தோன்றுவதுபோல், மனத்தின் விரைந்த ஓட்டத்தால் அடுத்தடுத்து நிகழ்வன ஒருங்கே நிகழ்வனபோல் தோன்றுகின்றன. நம் தொல்காப்பியமும் ஐம்பொறி அறிவுகளுக்கு மேல் ஆறாவதாக மனத்தை வைத்து உயிர்களைப் பாகுபடுத்தியிருப்பது அனைவரும் அறிந்ததே.

இதனைக் கொண்டு நம் முன்னோர் இன்றைய உளவியலை அன்றே கண்டுவிட்டனர் என்று பெருமிதம் கொள்வதில் எமக்கு உடன்பாடில்லை. நியாய நூலார் செய்தது தருக்கம். செர்ரி செய்தது அளவீடு. மனம் அணுவளவினது என்னும் கொள்கைப்படி மோரேயின் மூன்றில் ஒருவர் தம் பெயரைக் கேட்டது எங்ஙனம் என்பதற்கு விடை கூறுவது எளிதன்று. ஆனால் இரு சாராரும் எழுப்பிய வினா ஒன்றே என்பதில் ஐயமில்லை.

கண்முன் நின்ற கொரில்லா

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய இருவரும் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட சோதனை பலரும் அறிந்தது. வெள்ளைச் சட்டையர் ஓர் அணியாகவும் கறுப்புச் சட்டையர் ஓர் அணியாகவும் பந்தை எறிந்து விளையாடும் படக்காட்சியைக் காட்டி, ஓரணியினர் எத்தனை முறை பந்தை எறிகின்றனர் என்று எண்ணச் செய்தனர். இடையில் கொரில்லா உடை அணிந்த ஒருவர் விளையாடுவோருக்கு நடுவே நடந்து சென்றார். பார்த்தவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவே இல்லை. அதே படத்தை மீண்டும் காட்டியபோது, இது வேறு படம் என்று வாதிட்டவர்களும் உண்டு.

இதனினும் சிந்திக்க வைப்பது 2013ஆம் ஆண்டில் டிராஃபோர்ட் ட்ரூ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. நுரையீரல் வருடிப் படங்களில் சிறு கட்டிகளைத் தேடுமாறு கதிரியக்க மருத்துவர்கள் 24 பேரிடம் கூறப்பட்டது. ஒரு படத்தில், கட்டியின் சராசரி அளவைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் சேர்க்கப்பட்டிருந்தது. 20 பேர் அதனைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவி, காணாதவர்களுள் பெரும்பாலோரின் பார்வை அவ்வுருவத்தின்மீதே பதிந்து சென்றதைக் காட்டிற்று. ஆகவே குறை கண்ணில் இல்லை, பயிற்சியின்மையும் அன்று. தேடுவது ஒன்றாக இருக்கையில் தேடாத மற்றொன்று, கண்ணில் பட்டும் அறிவில் படுவதில்லை.

இச்சோதனையை வகுப்பில் நடத்துவோர் ஒன்றை உணர்தல் வேண்டும். முன்னரே கேள்விப்பட்டவரிடம் இது பயன் தராது. காணாதவரை எள்ளி நகையாடுவதும் தவறு. அவர்தாம் கூறிய வேலையை ஒழுங்காகச் செய்தவர்.

கவனகம் கூறும் செய்தி

கவனத்தைப் பிரிக்க இயலாதெனில் நம் கவனகக் கலையை எங்ஙனம் விளக்குவது? எண்கவனகம் செய்வோர் ஈற்றடி கொடுத்த வெண்பாவைப் பாடி முடித்து, முதுகில் எறியப்படும் கற்களை எண்ணி, மணியோசையைக் கணக்கிட்டு, இடையிடையே வினாக்களுக்கும் விடையளிப்பர். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகம் நிகழ்த்திச் சதாவதானி எனப் போற்றப்பெற்றார்.

அரங்கின் ஒழுங்கைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலப்படும். வினாக்கள் ஒரே கணத்தில் வந்து விழுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. கவனகர் ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்தி, நினைவில் இருத்தி, அடுத்ததற்குச் சென்று, விட்ட இடத்திற்கே வழுவாமல் திரும்புகிறார். கொள்ளிக்கட்டை வட்டம் என்னும் உவமையே இங்கும் பொருந்துகிறது என்பது எம் கருத்து. கல்லையும் மணியையும் எண்ணுவது மட்டும் இவ்விளக்கத்துள் முழுதும் அடங்குவதாகத் தோன்றவில்லை. அதற்கு வேறொரு சோதனை துணைபுரியக்கூடும். 1976ஆம் ஆண்டில் ஸ்பெல்கி, ஹர்ஸ்ட், நைசர் ஆகிய மூவரும் மாணவர் இருவருக்குக் கதைகளைப் படித்துக்கொண்டே, சொல்லப்படும் சொற்களை எழுதப் பல வாரங்கள் பயிற்சி அளித்தனர். தொடக்கத்தில் படிக்கும் வேகம் பெரிதும் குறைந்தது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. பயிற்சி ஒரு செயலைத் தானியங்கியாக்கும்போது அதற்குக் கவனம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது என்பது ஒரு சார் விளக்கம். கவனகத்தை உளவியல் முறையில் அளந்து ஆராய முன்வரும் ஆய்வு மாணவருக்கு இங்கே நிறையப் பணி காத்திருக்கிறது.

சாலைச் சந்திப்பில்

இவை அறிவு விளையாட்டுகள் மட்டும் அல்ல. நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் செல்வோர். சந்திப்பில் மகிழுந்தைத் திருப்பிய ஓட்டுநர், “பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், யாரும் இல்லை” என்று கூறுவதை நாம் பலமுறை கேட்டிருப்போம். இறந்தவரின் குடும்பத்தார்க்கு அது பொய்யாகவே படும். அவர்கள் நிலையில் நாமும் அப்படியே கருதுவோம். ஆயினும் மேற்கண்ட சோதனைகளை நோக்குங்கால், அவ்வோட்டுநர் அத்திசையில் நோக்கியதும் உண்மையாக இருக்கலாம். காணாததும் உண்மையாக இருக்கலாம். அவர் கண் தேடியது மகிழுந்தையும் பேருந்தையும். வந்ததோ ஒடுங்கிய உருவம். கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் இந்நிலை மேலும் மோசமாகும். ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசியில் உரையாடியபடி ஓட்டுதலை ஒத்த பணியைச் செய்தோர் இரு மடங்கு சைகைகளைத் தவறவிட்டனர். தொலைபேசியைக் கையில் ஏந்தாமல் பேசியோரிடமும் வேறுபாடு காணப்படவில்லை.

ஓட்டுநரின் மனத்தைத் திருத்துவதைவிட, காணப்பட வேண்டியதை மாற்றுவது எளிது. 1992ஆம் ஆண்டில் மலேசியாவில் மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை ஏற்றிச் செல்லும் முறை கொண்டுவரப்பட்டது. சிரம்பான், ஷா ஆலம் ஆகிய பகுதிகளின் விபத்துகளை ஆராய்ந்த ராடின் உமார் குழுவினர், எளிதில் கண்ணில் படாமையால் நேரும் மோட்டார்சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என 1996இல் வெளியிட்டனர். ஒரு சிறு விளக்கு செய்த பணி அது.

ஆனால் இன்று புதிய மகிழுந்துகள் பலவும் பகல் விளக்கோடு வருகின்றன. விளக்கு மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் உரிய அடையாளமாக இருந்த நிலை மாறிவருகிறது. பிரான்சில் கவால்லோ, பிந்தோ ஆகியோர் 2012இல் வெளியிட்ட சோதனையில், மகிழுந்துகளின் பகல் விளக்குகளுக்கிடையே மோட்டார்சைக்கிளைக் கண்டறிவது கடினமாயிற்று. சிரம்பானில் 1992இல் எடுத்த அளவை இன்றைய சாலைகளில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியுள்ளது.